திரைக்கு வந்த கித்தான்

ஓவியத்தில் ஒரு தீற்றல் பிறப்பதற்கு வண்ணமும் தூரிகையும் மட்டும் போதுவதில்லை; அவற்றை ஏற்றுக்கொள்ளவும், அதே வேளையில் ஓரளவு எதிர்த்து நிற்கவும் வல்ல ஒரு பரப்பும் வேண்டியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு வெனிஸில் கடற்காற்றின் ஈரம் சுவரோவியங்களைச் சிதைத்து வந்ததாலும், கப்பற்பாய்க்கான கித்தான் அந்தத் துறைமுக நகரில் தாராளமாகக் கிடைத்ததாலும், ஓவியர்கள் சுவரையும் மரப்பலகையையும் விட்டு நெய்த துணிக்கு மாறினர். டிஷியன், டின்டொரெட்டோ போன்றோர் முரட்டு நெசவுள்ள கித்தானைத் தேர்ந்தபோது, பாவும் ஊடையும் எழுப்பிய மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டி, பள்ளங்களில் அடிப்பூச்சு தெரியும்படி விட்டுவிட்டுச் செல்லும் தீற்றல் ஓர் அழகியலாகவே வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வாட்மன் நெய்த கம்பிவலையின் மீது வார்த்த தாள், பழைய தாள்களில் தெரிந்த வரிக்கோடுகளை நீக்கி நீர்வண்ண ஓவியத்துக்கு ஏற்ற சீரான தளத்தைத் தந்தது. 19ஆம் நூற்றாண்டில் மயிர்க்கற்றையைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் உலோகப் பூண் பரவியதும் பட்டைத் தூரிகை பெருகி, அகன்ற சதுரத் தீற்றல் பிரெஞ்சு ஓவியர்களின் கைவழக்கமாயிற்று. பரப்பிலோ கருவியிலோ ஏற்பட்ட ஒவ்வொரு மாற்றமும் ஓவியத்தின் தோற்றத்தையே மாற்றிய இந்த நீண்ட வரலாற்றோடு ஒப்பிட்டால், கணினியில் ஓவியம் தீட்டத் தொடங்கியவர்களின் முதல் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் பரப்பே இல்லாத ஆண்டுகள் என்று சொல்ல வேண்டும்.

கணினித் திரையில் கையால் வரையும் முயற்சி ஓவியர்களின் தேவையிலிருந்து தோன்றவில்லை. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற நிரல், ஒளிப்பேனா கொண்டு திரையில் கோடுகளையும் வட்டங்களையும் அமைத்துத் திருத்த உதவியது. அடுத்த ஆண்டில் வந்த ராண்ட் பலகை, பேனாவின் இருப்பிடத்தை அங்குலத்துக்கு நூறு கோடுகள் என்ற நுட்பத்தில் அளந்து கணினிக்குச் சொன்னது. இரண்டும் பொறியாளருக்கான கருவிகள். அவற்றில் கோடு உண்டு, நிறைவான பரப்பு இல்லை. பரப்பு கிடைப்பதற்குத் திரையின் ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும் சட்டகத் தாங்கி என்ற நினைவகம் தேவைப்பட்டது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஸெராக்ஸ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் 1972, 1973ஆம் ஆண்டுகளில் கட்டிய சூப்பர்பெயின்ட் அத்தகைய நினைவகத்தைக் கொண்டிருந்தது. 640க்கு 480 என்ற அளவில் அமைந்த அதன் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு 256 நிறங்களிலிருந்து தேர்ந்து வண்ணம் இட முடிந்தது. ஸெராக்ஸ் நிறுவனம் வண்ணத் திரையில் எதிர்காலத்தைக் காணாததால், 1974இல் அங்கு வந்து சேர்ந்த ஆல்வி ரே ஸ்மித் விரைவிலேயே வெளியேறி, நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் மூன்று நினைவகங்களை இணைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே எட்டு துணுக்குகளில் (பிட்களில்) காக்கும் வண்ணந்தீட்டு நிரலை எழுதினார். இந்தத் துறைக்கு வித்திட்டதற்காக ஷூப், ஸ்மித், தாமஸ் போர்ட்டர் ஆகிய மூவருக்கும் 1998இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

இந்த நிரல்களில் தூரிகை என்று பெயர் பெற்றது உண்மையில் ஒரு முத்திரை. ஒரு சிறிய வடிவம் நினைவில் இருக்கும்; பேனா நகரும் பாதையில் அந்த வடிவத்தைக் கணினி மீண்டும் மீண்டும் பதித்துக்கொண்டே போகும்; பதிவுகள் நெருக்கமாக விழுந்தால் அவை ஒன்றுகலந்து தொடர்ச்சியான தீற்றலாகத் தெரியும், இடைவெளி கூடினால் மணிகோத்த வரிசையாகப் பிரிந்து நிற்கும். வடிவம், இடைவெளி, நிறத்தின் அடர்த்தி என்ற இம்மூன்றும்தான் இன்றுள்ள மிகச் சிக்கலான தூரிகைகளுக்கும் அடித்தளம். நிறங்கள் குறைவாக இருந்த தொடக்கத்தில் முத்திரையின் விளிம்பு படிக்கட்டுப் போல உடைந்து தெரிந்தது; நிறங்கள் பெருகியபின் விளிம்பை மெல்ல மெல்லப் பின்னணியில் கரைய விட முடிந்தது. ஓவியர்களின் கைக்கு இது பெரிய விடுதலைதான் என்றாலும், மென்மையான விளிம்புள்ள அந்த வட்டத் தூரிகை, காற்றழுத்தத்தால் மையைத் தூவும் கருவி தரும் வழவழப்பையே எல்லா இடத்திலும் பரப்பியது. 1980களின் கணினிப் படங்களை இன்று ஒரே பார்வையில் அடையாளம் காண முடிவதற்கு அந்த வழவழப்பு ஒரு முதன்மைக் காரணம்.

தொலைக்காட்சித் துறைக்காக இங்கிலாந்தின் குவான்டெல் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பெயின்ட்பாக்ஸ், கையின் அழுத்தத்தை உணரும் பேனாவைத் தொழில்முறை ஓவியரிடம் கொண்டுவந்து சேர்த்தது. அழுத்தினால் தீற்றல் தடிக்கவும் தளர்த்தினால் மெலியவும் கூடிய அந்த வசதி, திரைக்கும் கைக்கும் இடையே முறிந்துகிடந்த உறவைப் பெருமளவு மீட்டது. டேவிட் ஹாக்னி போன்ற ஓவியர்கள் அந்த இயந்திரத்தில் வரைந்து பார்த்தனர். எனினும் அதன் விலை ஒளிபரப்பு நிலையங்களுக்கே கட்டுப்படியானது. தூரிகையைத் தானே உருவாக்கிக்கொள்ளும் பழக்கம் வீட்டுக் கணினிகளில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பழக்கத்தின் தொடக்கம் எளிமையானது. 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் கணினியோடு வெளிவந்த பில் அட்கின்சனின் மேக்பெயின்ட்டில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமே இல்லை. சாம்பல் நிறத்துக்கும் செங்கற்சுவருக்கும் ஓட்டுக்கூரைக்கும் எட்டுக்கு எட்டு என்று அமைந்த 64 புள்ளிகளின் வடிவக்கட்டங்களே கைகொடுத்தன. அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கித் திறந்து, புள்ளிகளை அணைத்தும் ஏற்றியும் தனக்கென ஒரு வடிவத்தைப் பயனர் அமைத்துக்கொள்ளலாம். தனக்கு வேண்டிய பரப்பைத் தானே செய்துகொள்ளும் வாய்ப்பை ஆயிரக்கணக்கானோர் முதன்முதலில் அங்குதான் பெற்றனர். 1985இல் அமிகா கணினிக்காக டான் சில்வா எழுதிய டீலக்ஸ் பெயின்ட் அடுத்த அடியை எடுத்து வைத்தது. படத்தின் எந்தப் பகுதியையும் வெட்டியெடுத்து அதையே தூரிகையாக்கவும், அதைத் திருப்பவும் சுழற்றவும் பெரிதாக்கவும் அந்த நிரல் இடம் தந்தது. ஓர் இலையை வரைந்து அதைத் தூரிகையாக்கினால் ஒரே இழுப்பில் ஒரு மரம் தழைக்கும். நான்கைந்து புள்ளிகளைச் சிதறலாக இட்டுத் தூரிகையாக்கினால் புல்வெளியோ கல்தரையோ உருவாகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தக் காலத்து விளையாட்டு நிரல்களுக்குப் பின்னணி வரைந்தவர்களில் பலர் இந்த முறையில்தான் 32 நிறங்களுக்குள் பாறையையும் நீரையும் படைத்தனர். கருவியைச் செய்பவனும் அதைக் கொண்டு தீட்டுபவனும் ஒருவனே என்ற நிலை, தூரிகைத் தொழிலாளர் தனிப் பட்டறைகளில் மயிர் கட்டிய நீண்ட காலத்துக்குப்பின் மீண்டும் வந்தது இங்குதான்.

இதற்கு இணையாக ஆய்வுக்கூடங்களில் வேறொரு போக்கு நடந்தது. முத்திரையைப் பதிப்பதற்குப் பதில், உண்மையான தூரிகையின் இயல்பையே கணக்கிட வேண்டும் என்று எண்ணியவர்களில் முன்னோடி, எம்.ஐ.டி.யின் ஸ்டீவ் ஸ்ட்ராஸ்மன். அவர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் ஜப்பானிய மை ஓவியத்தின் தூரிகையைப் பல மயிரிழைகளின் வரிசையாகக் கொண்டு, ஒவ்வோர் இழையும் தனக்குரிய மையைச் சுமக்கும்படியும், தீற்றல் நீள நீள அந்த மை குறைந்து இழை வறளும்படியும் அமைத்தார். தூரிகை, தீற்றல், மையில் தோய்த்தல், தாள் என்று நான்கு கூறுகளாக அவர் பிரித்துக்கொண்டதில் தாளுக்கும் தனி இடம் கிடைத்தது குறிப்பிடத்தக்கது. பாதையையும் அழுத்தத்தையும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்துக் கணினி வரைந்து முடிக்கக் காத்திருக்க வேண்டியிருந்ததால், அது ஓவியரின் கருவியாக அப்போது ஆகவில்லை. ஆனால் ஒரு தூரிகை வறண்டு போவதையும் கணக்கில் கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் கிளைத்தது.

பரப்பைக் கணக்கிடும் வழிகள் முப்பரிமாண வரைகலையிலிருந்து வந்தன. எட் கேட்மல் 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் வழங்கிய ஆய்வேட்டில் ஒரு படத்தை வளைந்த பரப்பின்மீது ஒட்டும் முறையை விளக்கினார். 1978இல் ஜிம் பிளின், பரப்பை உண்மையில் மேடுபள்ளமாக்காமல், ஒளி படும் கோணத்தை மட்டும் புள்ளிதோறும் மாற்றிச் சுருக்கங்களும் குழிகளும் இருப்பதாகத் தோற்றம் தரலாம் என்று காட்டினார். ட்ரான் என்ற திரைப்படத்தில் பணியாற்றிய கென் பெர்லின், கணினிப் படங்களின் செயற்கையான வழவழப்பில் மனம் ஒவ்வாமல், இயற்கையில் காணும் ஒழுங்கற்ற ஒழுங்கைச் சிறு கணக்கால் உண்டாக்கும் முறையை 1983இல் கண்டு 1985இல் வெளியிட்டார். பளிங்கு, மேகம், மரவரி, தாளின் நார் என்று எதையும் படமெடுக்காமலே உருவாக்க இன்றுவரை அவருடைய முறையும் அதன் வழிவந்தவையும் பயன்படுகின்றன. 1997இல் அதற்கும் திரைப்படக் கழகத்தின் விருது கிடைத்தது.

சிதறிக்கிடந்த இந்த எண்ணங்கள் ஓவியரின் மேசைக்கு வந்து சேர்ந்தது 1991இல். லெட்ராசெட் நிறுவனத்துக்காக முன்பே படத்திருத்த நிரல்களை எழுதியிருந்த மார்க் ஜிம்மரும் டாம் ஹெட்ஜஸும் ஃபிராக்டல் டிசைன் என்ற தங்கள் நிறுவனத்தின் வழியாகப் பெயின்டர் என்ற நிரலை, வண்ணப்பூச்சு அடைத்து விற்கும் தகர டப்பாவிலேயே வைத்து விற்றனர். விற்பனை உத்தியாக மட்டும் அதைக் கருதிவிட முடியாது; உள்ளே இருந்த பொருளும் அந்த டப்பாவுக்குப் பொருத்தமானதாகவே இருந்தது. பெயின்டரில் தாளுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு தாளும் ஒரு சாம்பல்நிறப் படம். அதன் புள்ளிகளின் வெளிறலையும் இருட்டையும் நிரல் மேடுபள்ளங்களாகப் பொருள் கொள்ளும். கரித்துண்டாலோ வண்ணக்கட்டியாலோ தீட்டும்போது, பேனாவின் அழுத்தம் குறைவாக இருந்தால் மேட்டின் உச்சிகளில் மட்டும் நிறம் ஒட்டும்; அழுத்தம் கூடக்கூடப் பள்ளங்களும் நிறையும். நாணயத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அதன் உருவை எடுக்கும் குழந்தைகளுக்கு இந்த விதி கைவந்தது. ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் மரத்தரையின்மீது தாள் வைத்துத் தேய்த்து, அதிலிருந்து ஓர் ஓவிய முறையையே வகுத்திருந்தார். நீர்வண்ணத்துக்கு விதி தலைகீழாகும்: ஈரத்தில் மிதக்கும் நிறமித் துகள்கள் பள்ளங்களில் தங்குவதால் அங்கே நிறம் அடர்கிறது. ஒரே தாள் கரிக்கு ஒரு முகமும் நீருக்கு ஒரு முகமும் காட்ட வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு நிரலில் ஏற்றியவர்கள் ஓவியப் பொருள்களை நெருங்கிக் கவனித்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் சேர்ந்த ஜான் டெரி, நிரலோடு வந்த தூரிகைத் தொகுதிகளையும் தாள்களையும் வடிவமைப்பதில் பெரும்பங்கு ஆற்றினார். தாமே தாள் செய்துகொள்ளும் வழியும் பயனர்களுக்குத் திறந்திருந்தது. பின்வந்த பதிப்புகள் பிளினின் வழியைப் பின்பற்றி, தடித்த எண்ணெய் வண்ணத்தின் மேடுகளில் ஒளியும் நிழலும் விழச் செய்தன.

இவை எல்லாம் பயன்பட வேண்டுமானால் அழுத்தத்தை உணரும் பேனா எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாக்கம் நிறுவனம், பலகையின் அடியில் உள்ள கம்பிவலை மின்காந்த அலையால் பேனாவுக்கு ஆற்றல் ஊட்டி, அதே அலையில் விடையையும் பெறும் முறையைக் கையாண்டதால், வடமும் மின்கலமும் இல்லாத இலகுவான பேனா உருவாயிற்று. 1998இன் இன்ட்யூவாஸ் பலகை 1,024 அழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தது. 2017இல் அது 8,192 ஆயிற்று. இந்த எண்களைவிடப் பெரிய மாற்றம், பேனா எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் கணக்கில் வந்ததுதான். பென்சிலைச் சாய்த்து நிழலிடும் கைப்பழக்கம் அதன்பிறகே திரையில் பொருள் பெற்றது.

1990 பிப்ரவரியில் வெளிவந்த நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப், ஒளிப்படத் திருத்தத்துக்கென உருவானதால் தூரிகை அதில் நெடுங்காலம் துணைக்கருவியாகவே இருந்தது. 2002இல் வந்த 7ஆம் பதிப்பு அந்த நிலையை மாற்றியது. முத்திரையின் அளவும் கோணமும் அழுத்தத்துக்கேற்ப மாறுதல், பதிவுகள் பாதையை விட்டுச் சிதறுதல், தீற்றலுக்குள் ஒரு பரப்பின் சொரசொரப்பை ஏற்றுதல், இரண்டு தூரிகைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளுதல் ஆகிய எல்லாவற்றையும் பயனரே அமைத்துச் சேமிக்கும்படி அது செய்தது. அதற்குப் பின்னர்தான் தூரிகை செய்தல் ஒரு தனிக் கைத்தொழிலாகப் பெருகியது என்று கருத இடமுண்டு.

அந்தத் தொழிலின் வேலைமுறை விரிவாகச் சொல்லத் தக்கது. கடற்பஞ்சை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றியோ, வறண்ட பட்டைத் தூரிகையை அழுத்தி எடுத்தோ கிடைக்கும் தடத்தை வருடியால் படமெடுத்து, நிறத்தை நீக்கி, தாளின் மங்கல் முழுவெண்மையாகும் வரை வேறுபாட்டைக் கூட்டி, விளிம்புகளைத் துடைத்தபின் அதைத் தூரிகை நுனியாக வரையறுப்பர். ஃபோட்டோஷாப்பில் கறுப்பு முழு வண்ணத்தையும் வெள்ளை வெறுமையையும் குறிக்கும். 2011இல் டாஸ்மேனியாவின் சாவேஜ் இன்டராக்டிவ் நிறுவனம் ஐபேடுக்காக வெளியிட்ட புரோக்ரியேட் என்ற ஓவிய நிரலில் மாறாக வெள்ளைதான் வண்ணம் இடும். கித்தான் பரப்பைச் செய்ய, துணியின் பக்கவாட்டிலிருந்து தாழ்ந்த ஒளி விழச் செய்து படமெடுப்பர். நேரொளியில் நெசவின் மேடுகள் நிழல் தராமல் மறைந்துவிடும். ஒளி ஒரு மூலையில் கூடியும் மறுமூலையில் குறைந்தும் இருப்பதால், பெரிய அளவிலான ஒளிவேறுபாட்டை வடிகட்டி நுண்ணிய இழைகளை மட்டும் காக்க வேண்டும். பிறகு படத்தைப் பாதியளவு நகர்த்தினால் விளிம்புகள் நடுவுக்கு வந்து பொருத்து தெரியும். அதை நகலெடுக்கும் தூரிகையால் ஆற்றிய பின்னரே அந்தச் சதுரத்தை அடுத்தடுத்துப் பதித்து எவ்வளவு பெரிய பரப்பையும் நிரப்பலாம். ஒரு சிறு முடிச்சோ கறையோ மீதமிருந்தாலும், அது வரிசையாகத் திரும்பத் திரும்பத் தோன்றிப் பரப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். இயற்கைத் துணியின் அழகுக்குக் காரணமான அதே பிசகு இங்கே குறையாவதால், எதை நீக்குவது, எதை விடுவது என்பதில்தான் நல்ல பரப்பு செய்வோரின் தேர்ச்சி விளங்குகிறது.

இன்னொரு தேர்வும் அடிப்படையானது. சொரசொரப்பு கித்தானோடு நிலைத்து நின்றால், ஒரே இடத்தில் எத்தனை முறை தீட்டினாலும் அதே மேடுகள் வெளிப்படும். தூரிகையோடு நகர்ந்து வந்தால் ஒவ்வொரு தீற்றலும் புது முகம் காட்டும். முதல்வகை தாளைப் போலவும் இரண்டாம்வகை மயிரிழைகளின் வரிகளைப் போலவும் இயங்கும். பரப்பையும் தூரிகையையும் தனித்தனியே கருதிய பழைய வேலைமுறையின் நேரான தொடர்ச்சி முதல்வகையே; படம் முடிந்தபின் மேலே ஒரு கித்தான் படலத்தை ஒட்டும் பழக்கம் பரவலாக இருந்தாலும், வண்ணத்துக்கும் நெசவுக்கும் உறவே இல்லாத அந்த ஒட்டு கண்ணை ஏமாற்றுவது அரிது.

தூரிகையைக் கணக்கிடும் ஆய்வும் ஓயவில்லை. 1997இல் கேசிடி கர்டிஸும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட நீர்வண்ண ஆய்வு, தாளின் மேலோடும் நீர், அதில் படியும் நிறமி, தாளுக்குள் ஊறும் ஈரம் என்று மூன்று அடுக்குகளைக் கணக்கிட்டு, காயும் வண்ணத்தின் ஓரம் கறுக்கும் இயல்பைக்கூட மீட்டெடுத்தது. ஹாங்காங்கில் நெல்சன் சூவும் சியூ-லான் தாயும் 2005இல் உருவாக்கிய மோசி, மையை உறிஞ்சும் சீனத்தாளில் கறை பரவுவதை வரையும்போதே காட்டியது. ஸ்ட்ராஸ்மன் காத்திருந்து பார்த்ததைப் பத்தொன்பது ஆண்டுகளில் கை நிகழ்நேரத்தில் உணர்ந்தது.

தூரிகைகள் கோப்புகளாக இருப்பதால், நகலெடுப்பதற்கு மயிரும் பூணும் தேவைப்படவில்லை. ஓவியர்கள் தங்கள் தொகுதிகளைத் தந்தும் விற்றும் வந்தனர். பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவாய் மைபெயின்ட், கிரிதா போன்ற கட்டற்ற நிரல்களுக்குத் தூரிகைகளைச் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்தார். ஃபோட்டோஷாப் தூரிகைகளை விற்றுப் பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர் கைல் வெப்ஸ்டரின் தொகுதிகளை 2017இல் அடோபி நிறுவனமே வாங்கித் தன் பயனர்களுக்கு அளித்தது. அதே ஆண்டில் ஆஸ்லோவின் மூங்க் அருங்காட்சியகம் பாதுகாத்துவந்த, ஓவியர் எட்வர்ட் மூங்க்கின் நூற்றாண்டு கடந்த ஏழு தூரிகைகளைப் படமெடுத்து, அவற்றின் அடிப்படையில் வெப்ஸ்டர் கணினித் தூரிகைகளைச் செய்தார்.

மூங்க்கின் தூரிகை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தது; கணினித் தூரிகைக்கு அந்த வாழ்நாள் உறுதியில்லை. முத்திரையின் படம் கோப்பில் இருந்தாலும், அது அழுத்தத்துக்கு எப்படி வளைகிறது, எப்படிச் சிதறுகிறது என்பதெல்லாம் அதை இயக்கும் நிரலில்தான் இருக்கிறது. ஃபோட்டோஷாப் தூரிகைக் கோப்பைக் கிம்ப் என்ற கட்டற்ற படத்திருத்த நிரலில் திறந்தால் நுனியின் வடிவம் வருகிறது, நடத்தை வருவதில்லை. இதற்கு இதுவரை கிடைத்துள்ள நல்ல விடை மைபெயின்ட்டின் தூரிகைப் பொறி: அது நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி நூலகமாக்கப்பட்டதால் 2018இல் கிம்பின் 2.10 பதிப்பிலும் 2021இல் கிரிதாவின் 5ஆம் பதிப்பிலும் இணைந்து, ஒரே தூரிகை மூன்று நிரல்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி தீட்டும் நிலையை உண்டாக்கியிருக்கிறது.